ரோலர் கோஸ்டர் பிறந்தது ரஷ்யாவிலா, அமெரிக்காவிலா? தலைகீழாகப் போனாலும் ஏன் விழுவதில்லை?

கேள்வி கோலாலம்பூர் கெப்போங்கில் இருக்கும் ஒரு தாயிடமிருந்து வந்தது. பள்ளி விடுமுறைக்குப் பினாங்கிலிருந்து வந்த அண்ணன் பிள்ளைகளோடு அவருடைய மகன் பெர்ஜெயா டைம்ஸ் ஸ்குவேர் போய், அங்கே பேரங்காடிக்குள்ளேயே ஓடும் சூப்பர்சோனிக் ஒடிசியில் ஏறி வந்திருக்கிறான். வீட்டுக்கு வந்ததும் வாக்குவாதம். ரோலர் கோஸ்டர் ரஷ்யாவில் பிறந்தது என்கிறான் ஒருவன். அமெரிக்காவில்தான் என்கிறான் மற்றவன். பினாங்குப் பெண்பிள்ளையோ, எங்கள் கொடிமலை ரயிலும் அதே வகைதானே என்கிறாள். தாயின் கவலை வேறு: "தலைகீழாகப் போகும்போது அதைப் பிடித்துக்கொண்டிருப்பது எது ஐயா? அடுத்த வாரமும் போக வேண்டும் என்கிறார்கள். அனுப்பலாமா?"

தங்கச்சி, இந்த நகரத்தில் முப்பத்தொரு வருடம் லிஃப்ட் பராமரிப்பு வேலை பார்த்தவன் நான். லிஃப்டும் ரோலர் கோஸ்டரும் ஒரு வகையில் பங்காளிகள். மனிதரை உயரத்துக்குத் தூக்கும் எந்த இயந்திரமும் முதலில் பதில் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுதான்: பிடி விட்டுப்போனால் என்ன ஆகும்? ரோலர் கோஸ்டரின் வரலாறு முழுக்க அந்தக் கேள்விக்குத் தேடிய பதில்கள்தான். ஒவ்வொரு முறை நல்ல பதில் கிடைத்தபோதும் சவாரி இன்னும் உயரமாகவும் செங்குத்தாகவும் ஆனது.

முதலில் பையன்களின் சண்டையைத் தீர்த்துவிடுவோம். இரண்டு பேர் சொல்வதும் பாதி சரி.

ரஷ்யாவில் 17-ஆம் நூற்றாண்டிலேயே குளிர்காலத்தில் மரச்சாரம் கட்டி, அதன் சரிவில் தண்ணீர் ஊற்றி உறையவிட்டுச் சறுக்கி விளையாடினார்கள். செயிண்ட் பீட்டர்ஸ்பர்க் பக்கம் இந்தச் சறுக்குமேடைகள் 20 மீட்டருக்கு மேல் உயரம் இருந்தன, ஏறக்குறைய ஏழு மாடி. பின்பக்கப் படிக்கட்டில் ஏறி, சறுக்குவண்டியில் உட்கார்ந்து இறங்க வேண்டும். கீழே மணலைக் கொட்டி வேகத்தைக் குறைப்பார்கள். இரண்டு மேடைகளை எதிரெதிராகக் கட்டுவதும் உண்டு. ஒன்றில் சறுக்கி இறங்கினால் மற்றதன் படிக்கட்டுப் பக்கம் போய் நிற்கலாம். இந்த ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், அமெரிக்காவில் மறுபடியும் வரும். பேரரசி இரண்டாம் கேத்தரினுக்கு இதில் அவ்வளவு ஆசை. கோடையிலும் சறுக்க வேண்டும் என்று ஒரானியன்பாம் அரண்மனைத் தோட்டத்தில் சக்கரவண்டி ஓடும் சறுக்குப்பாதை ஒன்றைக் கட்ட வைத்தார். பாதை அழிந்துவிட்டது. அதன் உச்சியில் இருந்த நீலமும் வெள்ளையுமான மண்டபம் இன்றும் நிற்கிறது.

சறுக்கு பாரிஸுக்குப் போனபோது ஒரு சிக்கல் வந்தது. அங்கே ரஷ்யாவைப் போலப் பனி நிலைக்காது. அதனால் வண்டிக்குச் சக்கரம் வேண்டியிருந்தது. சக்கரம் வந்ததும் அது விலகி ஓடாமல் பிடித்து வைக்க வேண்டியிருந்தது. 1817-இல் பெல்வில் பகுதியில் திறந்த "ரஷ்ய மலைகள்" என்ற சவாரியில், அச்சின் முனைகளைப் பக்கச்சுவரின் பள்ளத்துக்குள் நீட்டிவிட்டார்கள். வண்டி பாதையைவிட்டு எகிற முடியாது. என் பார்வையில் ரோலர் கோஸ்டர் பிறந்த இடம் இதுதான். அதற்கு முன்னால் இருந்தது சறுக்குமரம். இன்றும் பிரெஞ்சிலும் ஸ்பானிய மொழியிலும் இந்தச் சவாரியின் பெயர் "ரஷ்ய மலை". ரஷ்யர்களோ இதை "அமெரிக்க மலை" என்கிறார்கள். பிள்ளைகளின் சண்டை மொழிகளுக்குள்ளேயே இருக்கிறது பாருங்கள்.

அமெரிக்காவின் பங்கு நிலக்கரிச் சுரங்கத்தில் தொடங்குகிறது. பென்சில்வேனியாவில் மாக் சங்க் என்ற ஊர். மலைமேல் சுரங்கம், கீழே ஆறு, நடுவில் 14 கிலோமீட்டர் சரிவு. 1827-இல் அங்கே ரயில்பாதை போட்டார்கள். கரி ஏற்றிய வண்டிகள் என்ஜின் இல்லாமல் தம் எடையாலேயே கீழே உருண்டு வந்தன. காலி வண்டிகளைக் கோவேறு கழுதைகள் மேலே இழுத்துப் போயின. இறங்கும்போது கழுதைகளுக்கும் ஒரு வண்டி, அதில் நின்றபடியே வந்தன. பார்த்த மக்களுக்கு ஆசை வந்துவிட்டது. காசு கொடுத்து ஏற ஆரம்பித்தார்கள். கொஞ்ச காலத்தில் கழுதைகளுக்குப் பதில் நீராவி என்ஜின்கள் வண்டிகளை மேலே இழுத்தன. அந்த ஏற்றத்தில் தண்டவாளத்தோடு பற்கள் வைத்த ஒரு சட்டத்தையும் பதித்தார்கள். இழுக்கும் பட்டை அறுந்தாலும் கொக்கி பல்லில் மாட்டி வண்டியை நிறுத்திவிடும். பிறகு கரி ஏற்றும் வேலைக்கு அந்தப் பாதை தேவைப்படாமல் போனது. ஆனாலும் உல்லாசப் பயணிகளுக்காக மட்டுமே 1930கள் வரை ஓடியது. சுரங்கத்துக்கும் உல்லாசப் பூங்காவுக்கும் உள்ள உறவு நமக்கும் புதிதல்ல. சன்வே லகூன் இருக்கும் பள்ளம் ஒரு காலத்தில் ஈயலம்பம், அதாவது ஈயச் சுரங்கம்தானே.

1884 ஜூனில் நியூயார்க்கின் கோனி தீவில் லாமார்கஸ் தாம்சன் என்பவர் தம் "ஸ்விட்ச்பேக்" ரயிலைத் திறந்தார். காலுறை நெய்து விற்றுப் பணம் பார்த்தவர், ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்தியவர். மக்கள் சாராயக்கடைப் பக்கம் போகாமல் நல்ல பொழுதுபோக்குக்கு வர வேண்டும் என்பது அவர் எண்ணம். பாதை 180 மீட்டர்தான். வேகம் மணிக்கு 10 கிலோமீட்டர், நம் பிள்ளைகள் சைக்கிளில் அதைவிட வேகமாகப் போவார்கள். கட்டணம் 5 சென்ட். இரண்டு கோபுரங்கள். ஒன்றில் படியேறி, வண்டியில் உட்கார்ந்து இறங்கி, மறுமுனையில் இறங்கி நிற்க வேண்டும். ஆட்கள் வண்டியை அடுத்த கோபுரத்தின் உச்சிக்குத் தள்ளி ஏற்றுவார்கள், திரும்பும் பயணம் அதிலிருந்து. செயிண்ட் பீட்டர்ஸ்பர்க்கின் எதிரெதிர் மேடைகள் அப்படியே கடல் தாண்டி வந்திருக்கின்றன. தாம்சன் இதைக் கண்டுபிடித்தார் என்று பல இடங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆனால் கூட்டத்தைச் சேர்த்து இதை ஒரு தொழிலாக நிறுத்தியவர் அவர்தான். போட்டியாளர்கள் உடனே வந்தார்கள். அதே ஆண்டு சார்லஸ் அல்கோக் பாதையை வளைத்துத் தொடங்கிய இடத்துக்கே கொண்டுவந்தார். அடுத்த ஆண்டு ஃபிலிப் ஹிங்கிள் வண்டியை இயந்திரத்தால் மேலே இழுத்தார். பயணி படியேற வேண்டிய வேலை ஒழிந்தது.

இப்போது எனக்கு மிகவும் பிடித்த ஆளுக்கு வருகிறேன்: ஜான் மில்லர். தாம்சனிடம் இளம் வயதிலேயே வேலைக்குச் சேர்ந்தவர். பிற்காலத்தில் நூறுக்கும் மேற்பட்ட காப்புரிமைகள் இவர் பெயரில் இருந்தன. அவற்றில் இரண்டு இல்லாமல் இன்று உலகத்தில் பெரும்பாலான பெரிய ரோலர் கோஸ்டர்கள் ஓடாது.

முதலாவது, உங்கள் பிள்ளைகள் காதால் கேட்டது. சங்கிலியால் இழுபட்டு ஏறும் ரோலர் கோஸ்டரில் "டக் டக் டக்" என்று ஒரு சத்தம் வரும். வயிற்றைக் கலக்கும் சத்தம் அது. என்னமோ உடைகிற மாதிரி இருக்கிறது என்று ஏறினவர்கள் சொல்வார்கள். உண்மையில் அது காவல்காரனின் தடிச்சத்தம். வண்டிக்கு அடியில் கீல் போட்ட ஓர் இரும்புக் கொக்கி தொங்குகிறது. ஏற்றத்தின் நீளத்துக்கும் பற்கள் வைத்த பட்டை இருக்கிறது. வண்டி ஏற ஏறக் கொக்கி ஒவ்வொரு பல்லாகத் தாண்டி விழும். அதுதான் அந்த "டக்". சங்கிலி அறுந்தால் வண்டி ஒரு பல்லின் தூரம்கூடப் பின்னால் போக முடியாது, கொக்கி கவ்விக்கொள்ளும். மாக் சங்க் மலையில் இருந்த அதே யோசனைதான். அதை ரோலர் கோஸ்டருக்கு ஏற்றபடி செம்மைப்படுத்தி 1910-இல் காப்புரிமை வாங்கினார் மில்லர்.

லிஃப்டுக்கும் இதே கதை உண்டு. 1854-இல் நியூயார்க்கில் எலிஷா ஓடிஸ் ஒரு மேடையில் ஏறி நின்று, கூட்டத்துக்கு முன்னால் கயிற்றை வெட்டச் சொன்னார். மேடை சில அங்குலம் இறங்கி நின்றுவிட்டது. அந்தச் சோதனையின் பேரனைத்தான் நான் வருடா வருடம் செய்துவந்தேன். உச்சியில் இருக்கும் வேகக்காவல் சக்கரத்தைக் கையால் மடக்கிவிட்டு லிஃப்டை மெதுவாக இறக்குவோம். பெட்டிக்குக் கீழே இருக்கும் ஆப்புகள் இரண்டு பக்கத் தண்டவாளத்தையும் கவ்வும். பெட்டி அசையாது. பிறகு குழிக்குள் விளக்கைப் பிடித்துப் பார்த்தால், எண்ணெய்ப் பிசுக்கு ஏறிக் கறுத்த தண்டவாளத்தில் விரலளவு அகலத்தில் வெள்ளி மாதிரிப் பளபளக்கும் கீறல் தெரியும். ஆப்பு கடித்த தடம். அதைத் தடவிப் பார்த்த பிறகுதான் என் பதிவேட்டில் கையெழுத்து விழும். ரோலர் கோஸ்டரின் "டக்" சத்தத்தைக் கேட்டால் எனக்கு அந்தக் கீறல்தான் ஞாபகம் வரும்.

மில்லரின் இரண்டாவது படைப்பு 1919-இல் வந்தது. உங்கள் கேள்விக்கு நேர்ப் பதிலும் அதுதான். ரோலர் கோஸ்டர் வண்டியின் ஒவ்வொரு மூலையிலும் சக்கரம் மூன்று இடத்தில் இருக்கும். தண்டவாளத்தின் மேல் உருண்டு எடையைத் தாங்குவது ஒன்று. பக்கவாட்டில் அணைத்தபடி ஓடி, வளைவில் விலகாமல் காப்பது ஒன்று. மூன்றாவது தண்டவாளத்துக்கு அடியில் இருக்கும். வண்டி மேலே எழும்பப் பார்த்தால் இது இழுத்துப் பிடிக்கும். மேல், பக்கம், அடி என்று மூன்று பக்கமும் தண்டவாளத்தைக் கவ்விக்கொண்டிருப்பதால், வண்டியைத் தலைகீழாக நிறுத்தி வைத்தாலும் அது கழன்று விழாது.

அடிச்சக்கரம் வருவதற்கு முன்னால் பெரும்பாலான வண்டிகள் தம் எடையை மட்டுமே நம்பித் தண்டவாளத்தில் உட்கார்ந்திருந்தன. அதனால் சரிவை மெதுவாகத்தான் வைக்க முடிந்தது. அது வந்த பிறகு 1920களில் சரிவுகள் திடீரென்று செங்குத்தாயின. உச்சியைத் தாண்டும்போது பயணி இருக்கையைவிட்டு எழும்பும் அந்த உணர்வு அப்போதுதான் சாத்தியமானது. 1927-இல் கோனி தீவில் திறந்த மரத்தாலான சைக்ளோன் அந்தக் காலத்தின் அடையாளம். முதல் இறக்கம் 26 மீட்டர், சரிவு 58 பாகைக்கு மேல். இன்றும் ஓடுகிறது. பிறகு பொருளாதார மந்தமும் போரும் வந்து பெரும்பாலான மரக் கோஸ்டர்களைத் தின்றுவிட்டன.

இனி தலைகீழ் விஷயம். இதில் வரலாறு ஒரு தவறிலிருந்து தொடங்குகிறது. 1895-இல் கோனி தீவில் "ஃபிளிப் ஃபிளாப்" என்ற சவாரி வந்தது. 7.6 மீட்டர் விட்டத்தில் சுத்தமான வட்டம். ஏறியவர்களுக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. உடல் எடையைப்போல் 12 மடங்கு வரை சுமை அழுத்தியதாகச் சொல்வார்கள்.

ஏன் அப்படி? கடையில் பிளாஸ்டிக் பையில் கயிறு கட்டித் தரும் தே ஓ ஐஸை எடுத்துக்கொள்ளுங்கள். கயிற்றைப் பிடித்து வேகமாகச் செங்குத்து வட்டமாகச் சுழற்றினால் பை தலைக்கு மேலே போகும்போதும் தேநீர் கொட்டாது. அதே நேரம் பை கீழே வரும்போது கயிறு விரலை அறுக்கும், கவனித்திருப்பீர்கள். உச்சியில் வண்டி விழாமல் போகக் குறிப்பிட்ட வேகம் வேண்டும். அந்த வேகம் அங்கே மிஞ்ச வேண்டுமானால் அடியில் அதைவிட மிக அதிக வேகத்தோடு நுழைய வேண்டும். கணக்குப் போட்டால், உச்சியில் சும்மா ஒட்டிக்கொண்டு போகும் அளவு வேகம் வைத்தால்கூட, அடியில் பயணி தன் எடையைப்போல் 6 மடங்கைத் தாங்க வேண்டும். உராய்வையும் சேர்த்தால் இன்னும் கூடும். வட்டத்தைப் பெரிதாக்கினால் குறையுமே என்று தோன்றும். குறையாது. வட்டம் எந்த அளவில் இருந்தாலும் அந்த 6 அப்படியே நிற்கும். தவறு அளவில் இல்லை, வட்டம் என்ற வடிவத்திலேயே இருந்தது.

1901-இல் நீள்வட்டமாக ஒன்று கட்டிப் பார்த்தார்கள், வலி குறைந்தது. ஆனால் ஒரு வண்டிக்கு நான்கு பேர்தான் ஏற முடியும். ஏறுகிறவர்களைவிட வேடிக்கை பார்க்கிறவர்கள் அதிகம். வருமானம் போதவில்லை. அதோடு தலைகீழ் ஆசை பல பத்தாண்டுகள் கிடப்பில் போனது.

அதை மீட்டது எஃகுக் குழாய். 1959-இல் கலிஃபோர்னியாவின் டிஸ்னிலாந்தில் ஏரோ நிறுவனம் கட்டிய மேட்டர்ஹார்ன் சவாரி முதன்முதலாகக் குழாய் வடிவத் தண்டவாளத்தில் ஓடியது. குழாயை எந்தப் பக்கமும் வளைக்கலாம், முறுக்கலாம். மரத்தில் அது நடக்காது. பாதையைப் பகுதிகளாகப் பிரித்து, ஒரு பகுதியில் ஒரு வண்டி இருந்தால் அடுத்ததை உள்ளே விடாமல் நிறுத்தும் முறையும் அங்கே இருந்தது. பல ரயில்பாதைகளில் ரயில்கள் இடிபடாமல் ஓடுவதும் இதே கொள்கையில்தான். 1975-இல் அதே ஏரோ, திருகாணி போலச் சுழலும் கார்க்ஸ்குரூவைக் கட்டியது. நம் கெந்திங் மலையில் 2013-இல் மூடிய வெளிப்புறப் பூங்காவில் அந்த மாதிரித் திருகுச் சவாரி ஒன்று இருந்தது, உங்கள் வயதுக்காரர்கள் பலருக்கு நினைவிருக்கும். 1976-இல் ஜெர்மானியர்களான அன்டன் ஷ்வார்ட்ஸ்கோஃபும் வெர்னர் ஸ்டெங்கலும் சேர்ந்து அந்தப் பழைய வட்டத்தின் தவறைத் திருத்தினார்கள். அவர்கள் வடிவம் தலைகீழாகத் தொங்கும் கண்ணீர்த்துளி போல இருக்கும். நுழையும் இடத்தில் வளைவு விரிந்தும், மேலே போகப் போக இறுகியும் வரும். வேகம் அதிகமுள்ள அடியில் வளைவு மென்மை, வேகம் குறைந்த உச்சியில் வளைவு கூர்மை. அழுத்தம் தாங்கும் அளவுக்குள் வந்துவிட்டது. பிரமாதமான வேலை அது. அந்த வளைகோட்டை ரயில்பாதைக்காரர்களும் சாலை போடுகிறவர்களும் முன்பே அறிந்திருந்தார்கள். நெடுஞ்சாலையிலிருந்து பிரிந்து வளையும் பாதையில் ஸ்டியரிங்கைச் சீராகத் திருப்பிக்கொண்டே போக முடிகிறதே, அதே கோடுதான்.

அதன் பிறகு நடந்தது பெரும்பாலும் உயரப் போட்டி. அதை நான் வேகமாகக் கடந்துபோகிறேன், ஏனென்றால் எண்கள் மாறிக்கொண்டே இருக்கும். தொடங்கிய இடத்துக்கே சுற்றி வரும் சவாரிகளில் 1989-இல் 200 அடியைத் தாண்டினார்கள், 2000-இல் 300 அடியை, 2003-இல் 400 அடியை. 2005-இல் நியூ ஜெர்சியில் வந்த கிங்டா கா 139 மீட்டர். அதையும் 2025 பிப்ரவரியில் வெடிவைத்துத் தகர்த்துவிட்டார்கள். உயரத்தைவிட எனக்குப் பெரிதாகத் தெரிவது, மேலே இழுத்து விடாமல் தரையிலிருந்தே மின்காந்தத்தால் வண்டியைப் பாயவிடும் முறை. 1996-இல் அமெரிக்காவில் வந்தது. பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: கிளானா ஜெயா தட எல்.ஆர்.டி. நகர ரயில் நிலையத்தில் நிற்கும்போது மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் இருந்தபடியே இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பார்க்கட்டும். தட்டையான உலோகப் பட்டை ஒன்று நீளமாக ஓடும். ரயிலுக்கு அடியில் இருக்கும் மோட்டார் அந்தப் பட்டையை மின்காந்தத்தால் தள்ளித்தான் முன்னே போகிறது. அந்தத் தடம் 1998-இல் ஓடத் தொடங்கியது. பாயும் ரோலர் கோஸ்டருக்கும் நீங்கள் கடைவீதிக்குப் போகும் ரயிலுக்கும் அடிப்படை ஒன்றுதான்.

பினாங்குப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை. கொடிமலை ரயில் ரோலர் கோஸ்டர் இல்லை அம்மா. 1923-இல் ஓடத் தொடங்கியது முதல் இன்றுவரை அது கயிற்றில் கட்டிய வண்டி. ஒன்று ஏறும்போது இன்னொன்று இறங்கி அதற்கு எதிர் எடையாக இருக்கும். கயிறு அதை விடவே விடாது. ரோலர் கோஸ்டரில் உச்சிக்குப் பிறகு இழுப்பவர் யாருமில்லை, புவியீர்ப்பு மட்டும்தான். ஆக கொடிமலை ரயில் லிஃப்டின் உடன்பிறப்பு, என் பக்கத்து உறவு. உங்கள் ஊரில் ரஷ்யச் சறுக்குமேடையின் வாரிசு வேண்டுமென்றால் தெலுக் பஹாங்கில் இருக்கிறது. எஸ்கேப் பூங்காவின் 1,111 மீட்டர் நீர்ச்சறுக்கு, 2019-இல் கின்னஸில் ஏறியது. பனிக்குப் பதில் தண்ணீர், சறுக்குவண்டிக்குப் பதில் காற்றடைத்த வளையம்.

அனுப்பலாமா என்று கேட்டீர்கள். உயர அளவுகோலைப் பிள்ளை தாண்டினால் தாராளமாக அனுப்புங்கள். அந்தக் கோட்டில் மட்டும் கெஞ்சிக் கூத்தாடிச் சலுகை கேட்காதீர்கள். தோள்பட்டை அல்லது மடித் தடுப்பு எந்த உடலைப் பிடிக்கும் என்று அளந்து போட்ட கோடு அது. அப்புறம் கண்ணாடி, கைப்பேசி, சிலிப்பர் எல்லாவற்றையும் வெளியே விட்டுவிட வேண்டும். தலையைப் பின்னால் சாய்த்து அழுத்தி உட்கார வேண்டும், பாதிக் கழுத்துவலி அதிலேயே போகும். கழுத்திலோ இதயத்திலோ தொல்லை உள்ள பெரியவர்கள் கீழேயே நிற்கட்டும். கடைசியில் வண்டி நிற்காமல் போனால் என்ற பயமும் வேண்டாம். இப்போது பல சவாரிகளில் பிரேக் என்பது நிலைக்காந்தம். அதன் நடுவே வண்டியின் உலோகத் தகடு நுழைந்தாலே வேகம் குறையும், மின்சாரம் போனாலும் அது வேலை செய்யும்.

எங்கே உட்காருவது என்று பிள்ளைகள் கட்டாயம் சண்டை போடுவார்கள். முன் இருக்கையில் காட்சி நன்றாகத் தெரியும், ஆனால் உச்சியைத் தாண்டியும் வண்டி கொஞ்ச நேரம் தயங்கும், பின்பாதி இன்னும் ஏறிக்கொண்டிருப்பதால். கடைசி இருக்கை உச்சிக்கு வரும்போது முன்பாதி ஏற்கெனவே கீழே பாய்ந்துகொண்டிருக்கும், சவுக்கின் நுனி மாதிரி இழுத்துவிடும். துணிச்சல்காரப் பையனைப் பின்னால் உட்காரச் சொல்லுங்கள். வரிசையில் நிற்கும்போது மூன்று பேரும் வண்டியின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் குனிந்து பார்க்கட்டும். மேலே ஒன்று, பக்கத்தில் ஒன்று, அடியில் ஒன்று. அடியில் இருப்பது பாதி மறைந்திருக்கும். அதை முதலில் கண்டுபிடிப்பவருக்கு முன் இருக்கை.